ரூ. 4,850-க்கு மயில்துத்தத் தண்ணீர்: பழைய ஏர் ரைஃபிளுக்கு ப்ளூயிங் செய்ய நினைப்பவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் "போனால் போகட்டும்" என்று இருந்துவிடுவேன்; இந்தப் பேர்வழிகளின் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. பழைய ஏர் ரைஃபிளின் குழலுக்குக் கருநீலம் ஏற்ற (அதுதான் ப்ளூயிங்) வாங்கிய கரைசலில் ரூ. 4,850 போய்விட்டது. எப்படிப் போனது, மற்றவர்கள் எப்படித் தப்பிக்கலாம் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

என் ஏர் ரைஃபிள் மாமா கொடுத்த டயானா 35, ஜெர்மனியின் ராஸ்டாட்டில் செய்தது. குழலின் உள்விட்டம் 0.177 அங்குலம், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது, உரிமம் தேவையில்லை. பொள்ளாச்சித் தோப்பு வீட்டின் பரணில் கிடந்து, குழலின் கருநீலம் திட்டுத்திட்டாகப் போய்த் துரு ஏறியிருந்தது. அந்தக் கருநீலம் பெயின்ட் அல்ல. இரும்பின் மேற்பரப்பே கறுப்பு ஆக்சைடாக மாறிய மெல்லிய படலம். ஆலையில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். வீட்டில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. வீட்டு வேலைக்கென்று இருப்பது 'கோல்ட் ப்ளூ'. செலினியம் சேர்ந்த அமிலக் கரைசல். துணியில் தொட்டுத் தேய்த்தால் இரும்பு கறுக்கும். அதிக நாள் உழைக்காது, ஆனாலும் பரணில் கிடந்த ஏர் கன்னுக்கு அது போதும்.

யார் வேண்டுமானாலும் கடை விரிக்கக்கூடிய பெரிய ஆன்லைன் சந்தை ஒன்றில் 'இறக்குமதிச் சரக்கு' என்று ஒரு செட் இருந்தது: கரைசல், கிரீஸ் நீக்கி, ஸ்டீல் உல், எண்ணெய். ரூ. 4,850. பணம் கட்டுவதற்கு முன் விற்பனையாளரிடமே போனில் பேசினேன்.

"டயானா முப்பத்தைந்தா அண்ணா? சிலிண்டரின் பின்பக்கம் இடப்புறத்தில் பொடி எண்ணில் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். எமரித் தாள் போடும்போது அதை அழித்துவிடாதீர்கள். அது போனால் துப்பாக்கிக்கு மதிப்பே போய்விடும்."

போனைக் காதில் வைத்தபடியே திருப்பிப் பார்த்தேன். துருவுக்கு அடியில் 04 68 என்று இருந்தது. இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? உடனே பணம் கட்டினேன்.

வந்த பாட்டிலில் தயாரிப்பாளர் பெயர் இல்லை, எச்சரிக்கை வாசகம் இல்லை. அவன் சொன்னபடியே துருவை எடுத்து, அசிட்டோனில் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு, குழலின் நுனியில் தேய்த்தேன். கறுக்கவில்லை. சிவந்தது. புதுச் செம்புக் குடம் போலப் பளபளவென்று ஒரு சிவப்பு! சந்தேகத்துக்கு ஒரு பழைய ஷேவிங் பிளேடை அதில் போட்டேன். அதுவும் சிவந்தது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டுப் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டுவார்களே, அதே கூத்து. உரக்கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் மயில்துத்தம்! மறுநாள் காலையில் செம்பு படியாத இடமெல்லாம் புதுத் துரு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பணம் போனதை விட எரிச்சல். "கிரீஸ் சரியாகப் போகவில்லை அண்ணா" என்றான். வீடியோ அனுப்பினேன். "உங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு அப்படித்தான்" என்றான். பிளேடின் படத்தை அனுப்பினேன். பதில் இல்லை, அதன்பின் என் எண்ணையே தடுத்துவிட்டான். போனில் 'அண்ணா அண்ணா' என்று குழைந்த அதே வாய்!

சந்தைக்காரர்கள் அதற்கு மேல். முதலில் ஓர் இயந்திரம் என்னோடு அரட்டை அடித்தது. பிறகு வந்த ஆள், ரசாயனப் பொருள்களைத் திரும்பப் பெறுவதில்லை என்றார். போலிச் சரக்கு என்றேன். "சீல் பிரிக்காத பாட்டிலின் படம் அனுப்புங்கள்" என்றார். பிரிக்காமல் போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது, முகர்ந்து பார்த்தா? அன்று இரவே மின்னஞ்சல் வந்தது: 'உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது'. என் ரூ. 4,850 எங்கே என்று அதில் ஒரு வரி இல்லை.

விளக்கமாகச் சொல்வதாகச் சொன்னேன்; இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை: லேபிளில் செலினியம் பற்றிய குறிப்பும் நச்சு எச்சரிக்கையும் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள், உண்மையான கரைசல் விஷம். எதுவாக இருந்தாலும் முதலில் பிளேடில் சோதியுங்கள், குழலில் வேண்டாம். பிரிப்பதைத் தொடக்கம் முதல் வீடியோ எடுங்கள். உரிமம் உள்ள துப்பாக்கி என்றால் வீட்டு வேலையே வேண்டாம், அனுமதி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும், தேடி எடுத்து அவருக்கே எழுதுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் பதிவு செய்துவிட்டேன், ரூ. 4,850-ஐயும் கெட்டுப்போன குழலையும் சேர்த்தே கேட்டிருக்கிறேன்.