ஓபன் கிச்சனா, சுவர் வைத்த சமையலறையா?

வேளச்சேரியில் மூன்று வருடம் ஓபன் கிச்சன் உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இப்போது நங்கநல்லூரில் வாங்கியிருக்கும் பழைய ஃபிளாட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் உண்டு. இன்டீரியர் வேலைக்கு வந்தவர் இடித்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

திறந்த அமைப்பில் ஹால் பெரிதாகத் தெரியும், வெளிச்சம் வரும். குழந்தை தவழ்ந்த நாட்களில் அடுப்படியிலிருந்தே ஒரு கண் வைத்துக்கொள்ள முடிந்தது, அது பெரிய உதவி.

ஆனால் சென்னை வெயிலுக்கு அது சரிப்படவில்லை. ஹாலில் ஃபேன் சுற்றினால் அடுப்புத் தீ ஒருபக்கமாகச் சாயும், சிம்மில் வைத்தால் அணைந்தே போகும். அக்னி நட்சத்திரத்தில் தோசை வார்க்கும்போதெல்லாம் "ஃபேனை நிறுத்துங்க" என்பாள் மனைவி. அப்பா துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏசி போட்டாலும் ஹாலுக்கு வாங்கிய ஒன்றரை டன், அடுப்புச் சூட்டோடும் குக்கர் ஆவியோடும் மல்லுக்கட்டும். இரண்டு மாத மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடுகிறதே, அந்த எல்லையை ஒவ்வொரு கோடையிலும் தாண்டினோம்.

அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கு. அங்கே இருந்தது வெளியே குழாய் போகாத சிம்னி. புகையை வடிகட்டி, சூட்டோடு அறைக்குள்ளேயே திருப்பி விடும். வஞ்சிரம் வறுத்த வாசம் மறுநாளும் சோஃபாவில் இருக்கும். ஃபேன் இறக்கையில் பழுப்பாகப் படிந்ததைச் சமையல் சோடா போட்டுத்தான் தேய்த்தெடுக்க வேண்டும். இப்போது அந்தப் பிசுக்கு எக்ஸாஸ்ட் ஃபேனோடு நின்றுவிடுகிறது.

இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் தீ அணையும் தொல்லை இருக்காது. அப்படி நான் வாழ்ந்து பார்த்ததில்லை, அதனால் அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

திறந்துதான் ஆக வேண்டும் என்பவர்கள் முதலில் சுவரைப் பாருங்கள். தூண், பீம் வைத்துக் கட்டிய வீட்டில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் பெரும்பாலும் தடுப்புதான், பொறியாளர் பார்த்துச் சொன்னால் எடுக்கலாம். மிவான் முறையில், அதாவது அலுமினிய அச்சு வைத்துக் கான்கிரீட் ஊற்றிக் கட்டிய புதுக் கட்டடங்களில் கான்கிரீட் சுவரே பாரம் தாங்குகிறது, அதில் கை வைக்கவே கூடாது.

நாங்கள் சுவரில் மூன்றடி அகலத்துக்குத் திறப்பு விட்டு, மேலே லிண்டல் கொடுத்து, நகர்த்தும் கண்ணாடி போட்டோம். காபி அதன் வழியாகவே வருகிறது. தாளிக்கும்போது மூடிவிடுகிறோம். கண்ணாடி நகரும் பள்ளத்தில் சேரும் அழுக்கை மட்டும் வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் எடுக்க வேண்டியிருக்கிறது.