‘மில் ரேட்’ தேங்காயெண்ணெய்: சோப்பு செய்கிறவர்கள் கவனத்துக்கு (61,200 ரூபாய் போச்சு)

முந்தாநாள்தான் லேப் ரிப்போர்ட் கைக்கு வந்தது. கோபம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 15 கிலோ டின் 12. டின் 5,100 வீதம் 61,200 ரூபாய். தேங்காயெண்ணெய் என்று வாங்கினேன், வந்ததில் ஏறக்குறைய பாதி பாமாயில்.

மொத்த வியாபாரிகளையும் சிறு உற்பத்தியாளர்களையும் இணைத்துவிடும் இணையச் சந்தைகளில் ஒன்றில் வாங்கியது. பெயர் போடப் போவதில்லை, இன்பாக்ஸிலும் கேட்காதீர்கள். 2025-இல் கொப்பரை விலை எங்கே போய் நின்றது என்று தெரியும்தானே. அந்த நேரத்தில் ‘மில் ரேட்’, அதாவது ஆலையின் நேரடி விலை என்று, வெளி விலையைவிட டின்னுக்கு 600 ரூபாய் குறைவு. பாமாயிலோ அப்போது தேங்காயெண்ணெயில் பாதி விலைகூட இல்லை. கலப்படத்துக்கு இதைவிட நல்ல சீசன் கிடையாது, அது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நம்ப வைத்தது 200 மில்லி சாம்பிள் பாட்டில். அது சுத்தமான எண்ணெய். வெள்ளையாக உறைந்தது, வாசனை சரி, 100 கிராமில் போட்ட சோதனை சோப்பும் சரி. “காங்கேயத்துக் கொப்பரைங்க்கா, நம்ம மில்லுலயே ஆட்டுனது. சல்பர் போடாததுங்க” என்றார் விற்றவர். கூடவே பிடிஎஃப் ரிப்போர்ட்: சபோனிபிகேஷன் வேல்யூ (எண்ணெய் சோப்பாக எவ்வளவு காரம் கேட்கும் என்ற எண்) 256, அயோடின் வேல்யூ (நிறைவுறாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 8.4. நல்ல தேங்காயெண்ணெய்க்கு இருக்க வேண்டிய எண்கள்தான். அடியில் பொடி எழுத்தில் ‘பார்ட்டி கொடுத்த மாதிரி’, அதாவது அவரே கொண்டுபோய்க் கொடுத்த சாம்பிள், என்று இருந்ததை யார் பார்த்தது? டின்னில் அடித்திருந்த பேட்ச் எண்ணுக்கும் அந்த ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 30,600 முன்பணம், லோடு ஏற்றும்போது மீதி 30,600. சரக்கு வருவதற்கு முன்பே முழுப் பணமும் போய்விட்டது.

பிசகு தெரிந்தது சோப்பில். 10 கிலோ எண்ணெய் பேட்ச்: தேங்காயெண்ணெய் 6, இலுப்பை எண்ணெய் 2, விளக்கெண்ணெய் 1, நல்லெண்ணெய் 1. காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக்கும் காரம்) கணக்கு கிலோவுக்குத் தேங்காயெண்ணெய் 183 கிராம், இலுப்பை 137, விளக்கெண்ணெய் 128, நல்லெண்ணெய் 134. மொத்தம் 1,634 கிராம். அதில் 5 சதவீதம் குறைத்து 1,552 கிராம் போடுவது வழக்கம், காஸ்டிக் எட்டாத அந்த 5 சதவீத எண்ணெய் தோலுக்கு மிஞ்ச வேண்டும். பாமாயிலுக்குக் கிலோவுக்கு 142 கிராம் போதும். ஆறு கிலோவில் மூன்று கிலோ பாமாயில் என்றால் பேட்ச் முழுக்கவே 1,511 கிராம்தான் தாங்கும். ஆக 41 கிராம் காஸ்டிக் எதனோடும் சேராமல் சோப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. எண்ணெய் மிஞ்ச வேண்டிய இடத்தில் காரம் மிஞ்சியது. இது குளியல் சோப்பு, முகத்தில் போடுகிறார்கள்!

நாலைந்து மணி நேரத்தில் இறுக வேண்டியது மறுநாள் காலையிலும் கத்தியில் ஒட்டியது. ஒரு வாரத்தில் மேலே வெள்ளைப் பொடி. நுரையும் குறைவு, ஏனென்றால் அந்தப் பொங்கும் நுரை லாரிக் அமிலத்தின் வேலை. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான், பாமாயிலில் பேருக்குக்கூட இல்லை. சோப்பை வெட்டிய பக்கத்தில் பினாப்தலீன் (காரம் இருந்தால் ரோஸாக மாறும் திரவம்) ஒரு சொட்டு விட்டேன், அடர் ரோஸாக நின்றது. ஐந்து பேட்ச் இப்படிப் போனது.

பிரிட்ஜ் சோதனையை நம்பாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்ஜின் 5 டிகிரியில் பாமாயிலும் கலங்கிக் கெட்டியாகும், கலப்பு எண்ணெயும் உறைந்த மாதிரியே காட்டும். ஐஸ் போட்டுத் தண்ணீரை 20 டிகிரியில் வைத்து, பாட்டிலை இரண்டு மணி நேரம் அதில் நிறுத்துங்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும். பாதி பாமாயில் என்றால் கூழாகவோ மேலே திரவமாகவோ நிற்கும். பாம் கெர்னல் எண்ணெய் (எண்ணெய்ப்பனைக் கொட்டையின் பருப்பில் எடுப்பது) கலந்திருந்தால் இதிலும் பிடிபடாது, அதுவும் உறையும், அதிலும் லாரிக் உண்டு. அதற்கு அயோடின் வேல்யூதான் வழி. தேங்காயெண்ணெய் 10-ஐத் தாண்டாது, பாம் கெர்னல் 14-க்கு மேல், பாமாயில் 50-க்கு மேல். எனக்கு வந்த சரக்குக்கு அயோடின் 33, சபோனிபிகேஷன் 228. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

முதல் போனில், “உங்க காஸ்டிக்ல ஈரம் ஏறியிருக்கும்ங்க்கா” என்றார். ஈரம் ஏறிய காஸ்டிக்கின் வீரியம் குறையுமே தவிர அதிகமாகாது! இரண்டாவது போனில், “கொப்பரை வெரைட்டி அப்படித்தாங்க.” மூன்றாவதில், “டின்னை உடைச்சுட்டீங்க, திருப்பி எடுக்க மாட்டோம்.” உடைக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன், லைன் கட். அப்புறம் எடுக்கவே இல்லை.

தளத்தில் ‘உங்கள் புகார் பதிவாகியுள்ளது, 48 மணி நேரம்’ என்று ஒரு செய்தி. ஆறு நாள் கழித்து, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விஷயம், நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அந்த ஆளுக்கு ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சை டிக் போட்டது யார்? போதாததற்கு, வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று ஒரு பயமுறுத்தல். 2019 சட்டத்தின் விளக்கத்திலேயே, பிழைப்புக்கான சுயதொழிலுக்கு மட்டும் வாங்கினால் அவரும் நுகர்வோர் என்று இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 61,200 திரும்புமா, பார்க்கலாம்.

விரிவாக ஒரு செக்லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முழுப் பணம் கொடுக்காதீர்கள். சாம்பிளை அவர் அனுப்புவதில் பார்க்காதீர்கள், வந்த டின்னிலிருந்து எடுங்கள், திறப்பதை வீடியோ எடுங்கள். 15 கிலோவா 15 லிட்டரா என்று பில்லில் எழுதி வாங்குங்கள், 15 லிட்டர் என்றால் 13.8 கிலோதான். புது டின் எதுவானாலும் 100 கிராம் எண்ணெய்க்கு 17.4 கிராம் காஸ்டிக்கில் ஒரு துண்டு போட்டு, மறுநாள் பினாப்தலீன் விடுங்கள். வெளிர் ரோஸ் பரவாயில்லை, அடர் ரோஸ் வந்தால் அந்த டின்னைத் தொடாதீர்கள்.

இதே மாதிரி மாட்டினவர்கள் சோப்பைக் கொட்டிவிட வேண்டாம். என் கணக்குக்கு, 10 கிலோ பேட்சுக்கு 680 கிராம் நல்ல தேங்காயெண்ணெய் சேர்த்து, துருவி, தண்ணீர்க் கொதியின் மேல் உருக்கிக் கிளறினால் காரம் அடங்கும். குளியலுக்கு விற்காதீர்கள், துணிக்குப் போதும். மிச்ச எண்ணெய்க்கு லேப் சொன்ன சபோனிபிகேஷன் வேல்யூவை 40-ஆல் பெருக்கி 56.1-ஆல் வகுத்தால் கிலோவுக்கான காஸ்டிக் கிராமில் கிடைக்கும். என் சரக்குக்கு 162.6.

உடைத்தது இரண்டு டின். மீதிப் பத்தும் சீலோடு அப்படியே இருக்கிறது, விசாரணை முடியும்வரை தொடுவதாக இல்லை.