குடும்பக் கதைப் புத்தகம் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

விடுமுறைக்கு எல்லாரும் ஒன்றுகூடும்போது அம்மாவுக்குக் கொடுக்க ஒரு படக்கதைப் புத்தகம் செய்யச் சொல்லியிருந்தேன். பேரப்பிள்ளைகளுக்கு அம்மா இரவில் சொல்லும் கொக்குக் கதைதான். அம்மாவும் மூன்று பேரப்பிள்ளைகளும் அதில் பாத்திரங்கள். 24 பக்கம். அம்மா சொல்லும் விதம் மாறிவிடக் கூடாது என்று போனில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு நானே எழுதினேன்.

"முழுக்கக் கையால் வரைந்து, அச்சடித்து வீட்டுக்கே அனுப்புகிறோம்" என்று விளம்பரம் செய்த ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன். மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்பினார். அம்மாவின் இடது கன்னத்து மச்சம் வரை அப்படியே இருந்தது. அன்றே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் "வேலை போய்க்கிட்டிருக்கு மேடம்" என்ற பதில் மட்டும்தான். கடைசியில் அட்டையையும் இரண்டு பக்கங்களையும் மங்கலான ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸாப்பில் அனுப்பி, "இன்னைக்கே ஓகே சொன்னாத்தான் பிரஸ்ல போடுவாங்க" என்றார். முழு பிடிஎஃப் கேட்டேன். "டிசைன் வெளியே போயிடும், தர்றதில்லை" என்றார். விடுமுறை நெருங்கிவிட்டதே என்ற பதற்றத்தில் ஓகே என்று அடித்துவிட்டேன்.

புத்தகம் வந்தது. 3ஆம் பக்கத்தில் அம்மாவுக்கு மச்சம் இடது கன்னத்தில். 7இல் வலது கன்னத்தில். 11இல் மச்சமே இல்லை, முகமும் அம்மாவுடையது இல்லை. என் தம்பி மகள் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அத்தை, இந்தப் பாட்டி யாரு?" என்று கேட்டாள். அவள் படத்திலேயே ஒரு கையில் ஆறு விரல். கையால் வரைந்ததில்லை, ஏஐயில் எடுத்துத் தள்ளியது என்பது அப்போதுதான் புரிந்தது. ஏஐ வேண்டாம் என்று சொல்லவில்லை நான். ஏஐ என்றால் ஏஐ என்று சொல்லி, பக்கத்துக்குப் பக்கம் முகம் மாறாமல் உட்கார்ந்து திருத்தித் தந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரியும் படம் ஒன்றில் நடுவில் வைத்திருந்த அம்மாவின் முகத்தில் பாதி பைண்டிங் மடிப்புக்குள் போய்விட்டது.

என்னை அதிகம் உடைத்தது எழுத்துதான். 'கொக்கு' என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு இடம் மாறி ககரத்துக்குப் பின்னால் நின்றது. 'சொன்னது', 'போனது' எல்லாம் அதே கதி. புள்ளிகள் எழுத்தை விட்டு விலகித் தனியாக உட்கார்ந்திருந்தன. டிசைன் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைப் போடாமல் தமிழை ஒட்டினால் இப்படித்தான் உடையும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் போதும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாசிக்க ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாயால் கதை சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்கதானே ஓகே சொன்னீங்க? பெயர் போட்டுச் செய்ததுக்கு ரீஃபண்ட் கிடையாது." மனசு மாறித் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பேச்சு சரி, வேலையே பிழையாக இருக்கும்போது அதை எப்படி ஏற்பது? இருக்கிற ஸ்கிரீன்ஷாட்டுகளை எல்லாம் வைத்துப் பணம் கட்டிய செயலியில் புகார் கொடுத்திருக்கிறேன்.

செய்யக் கொடுப்பவர்கள் தயவுசெய்து முழு பிடிஎஃபையும் பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசியுங்கள். ஒரே ஆள் வரும் எல்லாப் பக்கங்களையும் வரிசையாக வைத்து முகத்தை ஒப்பிடுங்கள். மாதிரிப் பக்கம் ஒன்று போதாது, அதே ஆள் வேறு கோணத்தில் இருக்கும் இன்னொன்றும் கேளுங்கள். பாதிப் பணத்தையாவது அச்சுக்கு முன் கொடுக்காமல் வைத்திருங்கள்.

இன்னொன்று. முகம் சரியாக வர வேண்டும் என்று பிள்ளைகளின் படங்கள் அறுபதுக்கு மேல் அனுப்பியிருந்தேன். அவற்றை அழித்துவிடச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.