மைக்ரோவேவில் சூடாக்கும் அரிசி ஒத்தடப் பை: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

துணிப் பை ஒன்று தைத்து, உள்ளே அரிசியை நிரப்பி, மைக்ரோவேவில் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பதைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். கழுத்து, தோள்பட்டை, மாதவிடாய் நாட்களில் அடிவயிறு என்று மாறி மாறி வேலை வாங்குகிறேன். தைக்கும் முறையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அது அரை மணி நேர வேலைதான். ஆனால் தைத்த பை மாதக்கணக்கில் பயன்படுத்தும்போது எப்படி மாறுகிறது, எப்போது அதைத் தூக்கிப் போட வேண்டும் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆபத்து இருப்பதும் அங்கேதான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் துணி. நூறு சதவீதம் பருத்தி, வேறு எதுவும் வேண்டாம். நூலும் பருத்தி நூலாகவே இருக்கட்டும், தையல் மெஷினில் வழக்கமாகப் போடும் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர், அது சூட்டில் உருகித் தையல் விட்டுப்போகலாம். ஜிப், உலோகப் பட்டன், ஜரிகை, வெல்க்ரோ எதுவும் கூடாது. துணியை முன்கூட்டியே துவைத்துக் காயவைத்துக்கொண்டால் பிறகு சுருங்காது. என் பை சுமார் 15 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் நீளம், உள்ளே ஏறக்குறைய ஒரு கிலோ அரிசி. குறுக்கே இரண்டு தையல் போட்டு மூன்று அறையாகப் பிரித்திருக்கிறேன். இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் தோளில் போட்டதும் அரிசியெல்லாம் இரண்டு முனைக்கும் இறங்கிவிடும், கழுத்தில் வெறும் துணிதான் இருக்கும். ஒவ்வொரு அறையிலும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், தளர்வாக இருந்தால்தான் உடம்போடு ஒட்டிப் படியும்.

உள்ளே போடுவதற்கு வேகவைக்காத சாதாரண அரிசி போதும். சில நிமிடங்களில் வெந்துவிடும் என்று விற்கிற ரகம் மட்டும் வேண்டாம். பாப்கார்ன் சோளம் பொரிந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆளி விதையும் போட்டுப் பார்த்தேன், வழுவழுவென்று உருண்டு உடம்பில் அருமையாகப் படியும், ஆனால் அதில் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெய். திரும்பத் திரும்பச் சூடானதில் கொஞ்ச காலத்திலேயே சிக்கு வாடை வந்துவிட்டது, அப்புறம் முகத்துக்குப் பக்கத்தில் வைக்கவே முடியவில்லை. அரிசிக்கும் சூடானால் ஒரு வாசம் உண்டு, அது தொந்தரவாக இல்லை. வாசனை எண்ணெய் சொட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன், எளிதில் தீப்பற்றக்கூடிய ஒன்றைச் சூடாக்கப்போகிற பைக்குள் எதற்காக ஊற்ற வேண்டும்?

இனி முக்கியமான விஷயம். சேமித்து வைத்த அரிசி கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் அதன் எடையில் சுமார் 12 முதல் 14 சதவீதம் தண்ணீர். மைக்ரோவேவ் பெரும்பாலும் சூடாக்குவது அந்தத் தண்ணீரைத்தான். புதுப் பையைச் சூடாக்கி எடுத்தால் கையில் லேசான ஈரப்பதம் தெரியும், அந்த ஈரச் சூடு தசைக்கு அவ்வளவு இதமாக இருக்கும். ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் அதில் கொஞ்சம் ஆவியாகப் போய்விடுகிறது. அப்படியே வைத்திருந்தால் காற்றிலிருந்து ஓரளவு திரும்ப இழுத்துக்கொள்ளும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். வலி அதிகமான நாளில் ஆறுவதற்குள் எடுத்து மறுபடி மறுபடி சூடாக்கினால் ஈரம் திரும்பவே வாய்ப்பில்லை. காய்ந்துபோன தானியத்தில் சூட்டை ஆவியாக வெளியே கொண்டுபோகத் தண்ணீர் இல்லை, அதனால் அது வழக்கமான நேரத்திலேயே கருகும் அளவுக்குச் சூடேறலாம். தானியம் நிரப்பிய பைகள் தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணங்கள் இந்த அதிகச் சூடும், காய்ந்துபோன நிரப்பலும்தான். சூடான பையைப் போர்வைக்குள் மூடி வைப்பதும் அதே அளவு ஆபத்து, சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புகைந்து எரியத் தொடங்கலாம். படுக்கையைச் சூடாக்க இதைப் பயன்படுத்தவே கூடாது, ஒத்தடம் முடிந்ததும் எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும்.

இதைக் கவனிக்க நான் செய்வது எளிது. புதுப் பையைச் சூடாக்குவதற்கு முன்பே எடை போட்டு, அந்த எண்ணைத் துணியின் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்துவிடுகிறேன். அவ்வப்போது, பைக்கு மேல் தனியாகப் போட்டிருக்கும் மேலுறையைக் கழற்றிவிட்டு மறுபடி எடை போட்டுப் பார்ப்பேன். எடை நன்றாகக் குறைந்திருந்தால் அன்றைக்குச் சூடாக்க மாட்டேன், திறந்த இடத்தில் விட்டுவிடுவேன். சாதாரண நாளிலும் பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துத்தான் சூடாக்குகிறேன். மைக்ரோவேவின் ஆற்றலில் ஒரு பங்கை அந்தத் தண்ணீர் வாங்கிக்கொள்வதால் பை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் உள்ளே ஆவி இருக்கும், பையும் சீக்கிரம் வறண்டு போகாது.

நேரத்தைப் பொறுத்தவரை அடுத்தவர் சொன்ன கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 700 வாட் மெஷினும் 1000 வாட் மெஷினும் ஒன்றில்லை, அரைக் கிலோ பையும் ஒரு கிலோ பையும் ஒன்றில்லை. முதலில் ஒரு நிமிடம், அப்புறம் முப்பது முப்பது விநாடியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து நன்றாகக் குலுக்கிப் பிசைந்துவிட்டுத் திரும்ப வையுங்கள், ஏனென்றால் மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் சமமாகச் சூடாக்காது, ஒரு மூலை ஆறியிருக்க இன்னொரு இடம் கையைச் சுடும். பை தட்டில் தாராளமாகச் சுற்ற வேண்டும், பெரிய பை ஓரத்தில் முட்டித் தட்டு நின்றுவிட்டால் ஒரே இடம் கருகும். என் பைக்குத் தண்ணீர்க் கோப்பையோடு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே நிற்பேன்.

சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்றால் இருபது நிமிடம் இதமாக இருக்கும், அரை மணியில் வெதுவெதுப்பாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் வெந்நீர்ப் பைதான் சிறந்தது, தண்ணீர் அதே எடை அரிசியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூட்டைப் பிடித்து வைக்கும். ஆனால் கழுத்தைச் சுற்றி மாலை போலக் கிடப்பது அரிசிப் பை மட்டும்தான், வெந்நீர் கசிந்து கொட்டிவிடுமோ என்ற பயமும் இல்லை. எனக்கு இந்த இரண்டே போதும்.

தோல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் தோல் புண்ணாகச் சுமார் 5 விநாடி போதும், 44 டிகிரியில்கூட 6 மணி நேரத்தில் புண்ணாகும். அதாவது சூடு குறைவாகத்தானே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தூங்குவதும் சரியில்லை. நேரடியாகத் தோலில் வைக்காமல் மேலுறையோடு வையுங்கள், முதலில் முன்கையின் உட்புறத்தில் தொட்டுப் பாருங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது, அவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது வேண்டவே வேண்டாம். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்திலும் சூடு வைக்கக் கூடாது. அதற்கு இதே பையை ஒரு கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஃப்ரீசரிலிருந்து நேராக மைக்ரோவேவுக்குப் போக வேண்டாம்.

அரிசியோடு உள்பையைத் துவைக்க முடியாது, நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் தனி மேலுறை, அதை மட்டும் அடிக்கடி துவைக்கிறேன். சூடாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடினாலும் ஆவி உள்ளேயே தங்கி அதே பூஞ்சைதான், முழுக்க ஆறிய பிறகே எடுத்து வைக்கிறேன்.

பழைய பை ஒன்றைப் பிரித்து அரிசியை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தபோது, வெளியே எந்த அடையாளமும் இல்லாத பைக்குள் நடுப்பகுதி அரிசி மட்டும் பழுப்பேறி, சில மணிகள் விரலால் அழுத்தியதும் நொறுங்கின. வாசனையில் லேசான வறுபட்ட வாடை. அதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்றிவிடுகிறேன், நடுவில் கருகல் வாடை வந்தால் அன்றைக்கே. மாற்றுவதை மனதில் வைத்துத்தான் இப்போதெல்லாம் ஒவ்வொரு அறையின் ஓரத்திலும் மூன்று விரல் அகலத்துக்கு மெஷின் தையல் போடாமல் கையால் தைத்து விடுகிறேன், அந்த இடத்தை மட்டும் பிரித்துக் கொட்டிவிட்டுப் புது அரிசியைப் புனல் வைத்து நிரப்பினால் பை தயார்.