பேட்டரி கட்டைகளோடு ஆறு வருடம்

அப்பாவின் பிரஷர் பார்க்கும் மிஷினில்தான் இது தொடங்கியது. நாலு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினார், உயிரே இல்லை. பின்மூடியைத் திறந்தால் நாலு ஆல்கலைன் செல்லும் வெள்ளையாகப் பூத்து ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கிடந்தன. உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து காற்றுப் பட்டால் இப்படித்தான் பூக்கும். கையில் பட்டால் எரியும், கண்ணுக்கு ஆகவே ஆகாது. கையுறை போட்டு, பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தேன். அதே கதியில் இருந்த டிவி ரிமோட் பிழைத்தது, மிஷின் போனது போனதுதான்.

அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குமேல் தொடாத எதிலும் செல்லை விட்டுவைப்பதில்லை. பழசையும் புதுசையும் சேர்த்தும் போடுவதில்லை. 'ரெண்டு மாத்தினா போதும்' என்று மிச்சம் பிடிப்போம் அல்லவா, அதில் முதலில் தீரும் செல் வழியாக மற்றவை மின்சாரத்தைத் தள்ளும். தீர்ந்த அந்தச் செல்லின் பிளஸ், மைனஸ் தலைகீழாகிக் கசியும்.

அப்புறம் எட்டு ரீசார்ஜபிள் செல் வாங்கினேன். சான்யோ 2005ல் எனிலூப் என்று கொண்டுவந்ததே, சும்மா இருந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத நிக்கல் வகை, அதுதான். 1.2 வோல்ட் என்பதால் ஓடுமா என்ற சந்தேகம் இருந்தது. டார்ச், பொம்மை, புது பிரஷர் மிஷின் எல்லாம் ஓடுகின்றன. எட்டில் ரெண்டு செத்துவிட்டன. டார்ச்சை அணைக்காமல் தூங்கிய என் தவறு. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்தும் சார்ஜருக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. ஆனால் சுவர்க் கடிகாரத்துக்கு இதெல்லாம் தண்டம். சாதாரண மலிவுக் கட்டையே போதும். ஒன்று, அதன் துத்தநாகக் கூடே கரைந்துதான் மின்சாரம் தருகிறது, அதனால் முழுசாகத் தீரும்வரை விடக்கூடாது. போட்ட தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிடுகிறேன்.

தாத்தா ரேடியோ கட்டைகளை வெயிலில் காயவைப்பார், இன்னும் ரெண்டு நாள் பாடும். சூட்டில் உள்ளே வேதிவினை கொஞ்சம் வேகம் பிடிக்கும், அவ்வளவுதான்; கசிவும் சேர்ந்தே வரும். ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்தால் வியர்க்கும். எங்கள் வீட்டில் சமையலறைக்கு எட்ட இருக்கும் அலமாரிதான் இடம்.

முதலில் பிஸ்கட் டின்னில்தான் போட்டுவைத்தேன். மல்டிமீட்டரின் 9 வோல்ட் சதுர பேட்டரிக்கு ரெண்டு முனையும் ஒரே பக்கம். ஊக்கு ஒன்று குறுக்கே விழுந்திருக்கிறது. எதேச்சையாகத் தொட்டபோது டின் சுட்டது. பக்கத்தில் பேப்பரோ பஞ்சோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். இப்போது பிளாஸ்டிக் ஸ்வீட் பாக்ஸ், சதுர பேட்டரி முனைகளில் இன்சுலேஷன் டேப்.

காசு மாதிரி இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் செல் மட்டும் அதில் இல்லை. அட்டையைப் பிரிக்காமல் பரண் மேல். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் ரெண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, மலத்தில் வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். தராசில் இருப்பது ஸ்குரூ போட்ட மூடிக்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

தீர்ந்ததைத் தூக்கிப்போடுவதுதான் இன்னும் தகராறு. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு. எங்கள் தெருக் கடைக்காரரிடம் நீட்டினேன், 'குப்பையில போடுங்க சார்' என்று சிரித்தார். முனைகளில் டேப் ஒட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவருகிறேன். ரெண்டாவது பாட்டில் பாதி ஏறியிருக்கிறது.