ஜேஸ்டோர் இலவசக் கணக்கு: மலையகத்திலிருந்து கலை விமர்சனம் படிப்போருக்கு

முதுமாணிக்குக் கலை விமர்சனம் எடுத்தவர் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஹட்டனிலிருந்து பேராதனைக்கு பஸ் ஏறிக்கொண்டிருக்க முடியாது. ஆய்விதழ்க் கட்டுரைகளை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோரின் இலவசக் கணக்கு அந்த அலைச்சலில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும். மின்னஞ்சல் முகவரி போதும். 30 நாளுக்கு 100 கட்டுரைகளைத் திரையில் வாசிக்கலாம்.

100 என்றால் தாராளம்தான். ஆனால் தேடத் தெரியாவிட்டால் அநாவசியமாகக் கரைந்துவிடும். கண்டிய ஓவியம் பற்றித் தேடுபவர் ‘ஸ்ரீலங்கா’ என்று மட்டும் போட்டால் பழைய கட்டுரைகள் தப்பிவிடும். நாட்டின் பெயர் மாறியது 1972இல், அதற்கு முந்தியவற்றில் ‘சிலோன்’ என்றே இருக்கும். இரண்டு பெயரையும் போட்டு நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஓஆர்’ (OR) சேருங்கள். கண்டியச் சுவரோவியங்கள் உள்ள தெகல்தொருவை விகாரையையும் ஆங்கிலத்தில் சிலர் ‘வி’ போட்டும் சிலர் ‘டபிள்யூ’ போட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் தேட வேண்டும். கட்டுரையின் முதல் பக்கம் முன்னோட்டமாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகே வாசிக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

எங்கள் கணிப்பில் இங்கே மிகப் பெறுமதியானவை மதிப்புரைகள். மேம்பட்ட தேடலில் உருப்படி வகையை ‘ரிவியூஸ்’ என்று மாற்றினால், இரண்டு மூன்று பக்கத்துக்குள் ஒரு நூலை எடைபோட்டு முடித்தவை வரிசையாக வரும். ஒரே நூலுக்கு வெவ்வேறு இதழ்களில் வந்த மூன்று மதிப்புரைகளை எடுத்து, விவரிப்பு எந்த வரியில் நிற்கிறது, தீர்ப்பு எந்த வரியில் தொடங்குகிறது, அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் காட்டப்பட்டதா என்று கொப்பியில் குறியுங்கள். மாணவர் கட்டுரைகள் வழக்கமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான்: கோட்பாட்டாளர் பெயர் முதல் பந்தியிலேயே வந்து உட்கார்ந்துவிடும், சுவரில் என்ன வரைந்திருக்கிறது என்பது நான்காம் பந்தி வரை வராது. (மேற்பார்வையாளர் சிவப்புப் பேனாவை எடுப்பதும் அங்கேதான்.)

குறைகளும் உண்டு. பழைய கட்டுரைகள் ஸ்கேன் செய்த பக்கங்கள்; சிக்னல் மெலிந்த தோட்டங்களில் திறக்க நேரமெடுக்கும், போன் திரையில் கண் வலிக்கும். படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. கண்டிய ஓவியத்தின் சிவப்புப் பின்னணியை அவற்றை நம்பி எழுதினால் பிசகிவிடும். தெகல்தொருவை கண்டி நகருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நேரில் பார்த்து எழுதுங்கள். பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் இங்கே கிடைக்காததால், சமகாலக் கலை பற்றி எழுதுவோருக்குக் கை கட்டிப்போனது போலிருக்கும்.

தமிழில் தேடினால் அநேகமாக ஏமாற்றமே. மலையகக் கலை, இலக்கியம் பற்றிய தமிழ் எழுத்துக்கு நூலகம் இணையத்தளத்தையே நாட வேண்டும். ‘மல்லிகை’ போன்ற சஞ்சிகைகளை அங்கே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஜேஸ்டோரின் கட்டணச் சேவையான ஜேபாஸ், மாதச் சந்தாவுக்கு 10 பதிவிறக்கங்களே தருகிறது. டொலரில் கட்டி அதை எடுப்பதைவிட, வாசிக்கும்போதே பக்க எண்ணோடு குறிப்பெடுப்பது மேல்.