வெறும் கண்ணால் செயற்கைக்கோள் பார்ப்போருக்கு ஹெவன்ஸ்-அபவ்

செயற்கைக்கோள்களை மொட்டை மாடியிலிருந்து வெறும் கண்ணால் பின்தொடரும் எனக்கு, கிறிஸ் பீட் உருவாக்கிய ஹெவன்ஸ்-அபவ் தளம் பஞ்சாங்கம் போல அன்றாடப் புழக்கத்தில் உள்ளது. கட்டணம் இல்லை. இருப்பிடத்தைக் குறித்துவிட்டால், எந்தச் செயற்கைக்கோள் எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எத்தனை பாகை உயரத்தில், எவ்வளவு பிரகாசமாகத் தோன்றும் என்பது அட்டவணையாக வந்துவிடும். எண்கள் நிறைந்த அந்த அட்டவணை புதியவர்களைச் சற்று மிரட்டக்கூடும். அவர்கள் விண்மீன் படத்தில் வரைந்திருக்கும் பாதையைப் பார்த்தாலே போதும்.

என்னைப் பொறுத்தவரை, இத்தளம் பெரிதும் பயன்படுவது சுற்றுப்பாதையிலிருந்து பூமியை நோக்கி விழப்போகும் பொருள்களைக் கவனிப்போருக்குத்தான். ஒவ்வொரு பொருளின் சுற்றுப்பாதைப் பக்கத்திலும், தரவு எந்த நாளுக்குரியது என்பதும், ஒரு நாளில் எத்தனை சுற்று என்பதும் தரப்பட்டுள்ளன. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அந்தச் சுற்று எண் சுமார் 15.5. தாழ்ந்துவரும் ஒரு பொருளுக்கு நாள்தோறும் குறித்து வரும்போது இந்த எண் ஏறிக்கொண்டே போய் 16.4-ஐத் தாண்டினால், அப்பொருளுக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஓரிரு நாள்களே.

காற்றின் இழுவையால் பொருள் தாமதமாக வரும் என்றே எவருக்கும் தோன்றும், நடப்பதோ நேர்மாறு. உயரம் குறையக் குறையச் சுற்றும் நேரமும் குறைவதால், அது சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. மூன்று நாள் பழைய தரவை நம்பி, கையில் ஸ்டாப்வாட்ச்சுடன் நான் காத்திருந்த ஒரு மாலையில், ராக்கெட்டின் கழன்ற பகுதியொன்று உருண்டபடி, மங்கியும் ஒளிர்ந்தும், கேட்டை நட்சத்திரத்தை 14 நொடி முன்னதாகவே கடந்தது. நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பாயும் பொருளுக்கு, அது நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான முந்தல்.

இதைத் தளத்தின் பிழை என்று சொல்வது நியாயமாகாது. சூரியனின் செயல்பாடு மிகும்போது மேல் வளிமண்டலம் சூடாகிப் புடைத்து இழுவையைக் கூட்டுகிறது. 1979 ஜூலை 11-இல் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேப் எதிர்பார்த்ததைவிட முன்னதாக விழுந்ததற்கும் அதுவே காரணம். விழுவதற்கு முந்தைய நாளில்கூடக் கணிப்பில் சில மணி நேரம் பிசகலாம். அதற்குள் அப்பொருள் பூமியைப் பலமுறை சுற்றிவிடும் என்பதால், இன்ன ஊரில்தான் விழும் என்று எவராலும் முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே மாடிப்படி ஏறுமுன் தரவின் தேதியைப் பாருங்கள். தாழ்ந்துவரும் பொருளுக்கு அது இரண்டு நாளைக் கடந்திருந்தால், நான் ஐந்து நிமிடம் முன்னதாகவே மேலே போய் நின்றுவிடுகிறேன்.